ஒரே கணக்கு, இரண்டு விடை

ஆறு மணி நேரம் பதினேழு நிமிடங்கள் ஓடிய கணினிச் சோதனை நின்றுவிடுகிறது. திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி. பக்க மூடியைக் கழற்றிவைத்த கணினிக்குள் விசிறி இன்னும் இரைகிறது. மேசையில் கிடக்கும் நான்கு திருகுகள் அந்த அதிர்வில் மெல்ல நடுங்குகின்றன. ஜன்னல் வெயில் தங்கையின் முழங்கைவரை வந்திருக்கிறது. "பாரு, ஒரே கணக்கை ரெண்டு தடவை போட்டு ரெண்டு விடை சொல்லுது. உன் பாலக் கணக்கு சீக்கிரம் முடியணும்னு நீ கெஞ்சினதாலதான் போன மாசம் ப்ராசஸர் வேகத்தை ஏத்தி வெச்சேன். உன்னை மாதிரியே அவசரத்துல உளறுது" என்று அவள் சிரிக்கிறாள். பொறியாளரான அக்கா சிரிக்கவில்லை. கையிலிருக்கும் பாலத்தின் வரைபடச் சுருளை இறுக்குகிறாள். தாள் நெரிபடும் சத்தம் கேட்கிறது. "ஒண்ணும் குடி முழுகிப் போகலக்கா. வேகத்தைக் குறைச்சு உன் தூண் கணக்கை மறுபடி ஓட்டுவோம். சரியா வந்தப்புறம் அனுப்பு." அக்காவின் செல்பேசி மேசையில் அதிர்கிறது. ஒரு திருகு உருண்டு தரையில் விழுகிறது. இருவரும் குனியவில்லை. "போன வாரமே அனுப்பிட்டேன்டி" என்கிறாள் அக்கா. "இன்னைக்குக் காலையில தூணுக்குக் கான்கிரீட் போட ஆரம்பிச்சுட்டாங்க."