ஏற்காட்டுச் சம்பந்தம்

"காப்பித் தோட்டமாம், காப்பித் தோட்டம்! சுத்த ஏமாத்து!" என்று சட்டையைக் கழற்றினார் அம்பலவாணன். மகளைக் கொடுக்கவிருந்த இடத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் ஏற்காட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு, அப்போதுதான் குரும்பகரம் திரும்பியிருந்தார்.

"அப்படி என்னத்தப் பார்த்தீங்க?" என்றாள் மனைவி சொர்ணாம்பாள்.

"காடுடி! தலைக்கு மேல பலாவும் அத்தியும் அடைச்சுக் கிடக்கு. வெயிலே இறங்கல. ஒரே குருவிக் கூச்சல், மரநாய் வேற ஓடுது. வெள்ளாமை பண்றவன் இதையெல்லாம் உள்ள விடுவானா? ஐ.ஆர். எட்டு நெல்லு போட்டு மருந்தடிக்கிற நம்ம வயலைப் பாரு, ஒரு புழு பூச்சி உண்டா? சரி, குடிக்கத் தண்ணி கொண்டா."

அவள் உள்ளே போனாள். வாசலில் கல்யாணத் தரகர் உத்திராபதி வந்து நின்றார்.

"இந்த இடம் வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றார் அம்பலவாணன்.

"அவங்களே சொல்லிட்டாங்க. நீங்க அங்க போயிருந்தப்ப, பையனோட அப்பா இங்க வந்து உங்க வயலைப் பார்த்திருக்காரு."

"பார்த்துட்டு?"

தரகர் தயங்கினார். "காப்பிச் செடி பெரிய மரங்களோட நிழல்லதான் நல்லா வருமாம். பூச்சியைக் குருவிங்களே தின்னுடுதாம், அவங்க மருந்தே அடிக்கிறதில்லையாம். உங்க வயல்ல ஒரு கொக்குகூட இல்ல, தவளைச் சத்தமும் இல்ல. 'அந்தத் தண்ணியக் குடிச்சு வளந்த பொண்ணு எங்களுக்கு வேண்டாம்'னுட்டாரு."

சொர்ணாம்பாள் நீட்டிய செம்பை அம்பலவாணன் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.