கால் வைக்காதீங்க

"அங்கேயே நில்லுங்க! ரெண்டு பேர்ல யார் ஒரு அடி எடுத்து வெச்சாலும் கொலை விழும்."

வாசலில் நின்றவளின் கையில் பசை பூசும் கரணை இருந்தது. அறைக்குள் ஜன்னல் ஓரமாகக் குனிந்திருந்த அவள் கணவனும் அப்பாவும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். கணவன் தன்னையறியாமல் கைகளைத் தூக்கிவிட்டான். ஒரு கையில் பாதி வெட்டிய டைல்ஸ்.

அப்போதுதான் இருவரும் பார்த்தார்கள். கதவிலிருந்து சுவருக்குச் சுவர் நாலு வரிசை டைல்ஸ் போட்டு முடித்திருந்தாள். தாண்டிக் குதிக்க முடியாத அகலம். ஜன்னலிலோ கம்பி.

உள்மூலையில் ஆரம்பித்து வாசலில் முடிக்க வேண்டும் என்பது டைல்ஸ் ஒட்டத் தெரியாதவனுக்கும் தெரியும். ஆனால் காலையிலிருந்து ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி வேலை செய்ததில் கதவை இருவருமே கவனிக்கவில்லை.

"நீ எதுக்கு அங்கேருந்து ஆரம்பிச்ச?" என்றான் கணவன்.

"வாசல்ல முழு டைல்ஸ் வந்தாதான் அழகு. சீக்கிரம் காயற பசைதான், சாயங்காலம் வரைக்கும் பொறுங்க."

"உங்கப்பாவுக்கு அஞ்சு மணிக்கு பஸ்ஸாம். கேட்டுக்கோ."

"என் பஸ்ஸைப் பத்தி அவர் கவலைப்பட வேண்டாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லும்மா."

"நேராவே சொல்லிக்குங்க. நான் கடைக்குப் போறேன்." போயே விட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் இந்த வீட்டை வாங்கியபோது மாமனார் ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்தார். லாரி ஓட்டியவர். டயரைத் தட்டினாலே உள்ளே காற்று எவ்வளவு என்று சொல்லிவிடும் காது. "வெறும் தகர டப்பா" என்றார். "அப்ப இங்க கால் வைக்காதீங்க" என்றான் மருமகன். அவரும் வைக்கவில்லை.

மாமியார் காலமான பிறகும் அவர் ஊரில் தனியாகவே இருந்தார். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இந்த அறை அவருக்காகத்தான். வேலைக்கு ஆள் வரவில்லை என்று மகள் அழுததால் இன்று வந்தார். "முடிச்சுக் கொடுத்துட்டுக் கிளம்பிடுவேன். கால் வைக்காதேன்னு சொன்ன வாய் வான்னு சொல்லட்டும், அப்ப பார்ப்போம்" என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

மாமனார் ரப்பர் சுத்தியலை எடுத்து, அவள் போட்ட டைல்ஸை மெல்லத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். பக்கத்து டைல்ஸையும் தட்டினார்.

"அது டயர் இல்ல" என்றான் மருமகன், தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்திடம்.

"கால் வைக்கக் கூடாதாம். இந்த வீட்ல எனக்கு அது புதுசா?" என்று ஜன்னல் கம்பியிடம் கேட்டுவிட்டு மாமனார் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

மருமகன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

தண்ணீர் பாட்டில் ஒன்றுதான் இருந்தது. அவன் அதை அவர் பக்கம் நகர்த்தினான். அவர் குடித்துவிட்டு மூடியைத் திருகி, திரும்ப அவன் பக்கம் நகர்த்தினார். பாட்டில் மட்டும் போய்ப் போய் வந்தது.

"அங்க தனியா எப்படிப் பொழுது போகுது?" இந்தத் தடவை அவன் ரசமட்டத்தைப் பார்க்கவில்லை.

"அது பாட்டுக்குப் போகுது. காலையில மறந்துபோய் ரெண்டு டம்ளர் காபி கலந்துடுவேன்."

"ஒண்ணைக் கொட்டிடுவீங்களா?"

"வீணாக்கினா அவ திட்டுவாளே. ரெண்டையும் நானே குடிச்சிடுவேன்."

மருமகன் தன் கரணையில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினான். வெகு நேரம் சுரண்டினான்.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மாமா."

"நானும் டப்பான்னு சொல்லியிருக்க வேணாம். நீங்க ஆசையா வாங்கின வீடு." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "பஸ் போயிருக்கும்."

"போகட்டும். இங்கேயே வந்துடுங்க மாமா. அந்த ரெண்டாவது டம்ளரை நான் குடிக்கிறேன்."

மாமனார் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஒரே தூசி" என்றார்.

வாசலில் மகள் வந்து நின்றாள். தட்டில் மூன்று டம்ளர் காபி. கண்கள் இருவரையும் ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு டைல்ஸ் மேலேயே நடந்து வந்தாள்.

"ஏய், கால் வைக்காதே!" கணவன் அலறினான்.

அவள் காலடியில் டைல்ஸ் கடகடவென்று ஆடியது. தட்டை ஜன்னலில் வைத்துவிட்டு, குனிந்து ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். அடியில் வெறும் தரை. இடுக்குகளில் மட்டும் பேருக்குப் பசை.

"சும்மா அடுக்கி வெச்சேன். உங்க ரெண்டு பேரையும் வேற எப்படித்தான் பேச வைக்கிறது?"

"அடிப்பாவி! மாமா, உங்க பொண்ணு நம்ம ரெண்டு பேரையும் முட்டாளாக்கிட்டா பாருங்க!"

அவள் வெற்றிச் சிரிப்போடு டைல்ஸ்களை எடுத்து அடுக்கத் திரும்பினாள். மாமனார் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, மருமகனின் காதருகே சாய்ந்தார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க மாப்ளே, முதல் தட்டுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."