அந்த ஒரு பிடி

மூன்று வருடமாக அந்தப் பாறையில் ஏற வழி தேடினார்கள் வதனியும் கணவன் அமலனும். மலையேறும் கோடரியின் கூர்மூக்கைப் பாறையில் தானாக அமைந்த வெடிப்புகளில் மட்டும்தான் மாட்டி ஏற வேண்டும், டிரில் போட்டுத் துளைக்கக் கூடாது என்று சேர்ந்து முடிவெடுத்திருந்தார்கள். உச்சிக்குக் கீழே துருத்திக்கொண்டிருந்த இடம் மட்டும் இருவரையும் கீழே தள்ளிக்கொண்டே இருந்தது. போன வாரம் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது அமலன் அதைக் கடந்துவிட்டான். அவள் அழுதபடி அவனைக் கட்டிக்கொண்டாள்.

இன்று அவள் ஏறினாள். அந்த இடத்தில் கோடரி சிரமமில்லாமல் உள்ளே போனது. விரலால் தடவிப் பார்த்தாள். வட்டமான துளை. விளிம்பில் இன்னும் வெள்ளைப் பொடி.

"மாட்டிருச்சா?" என்றான் கீழே கயிற்றைப் பிடித்திருந்த அமலன்.

"எப்போ போட்ட?"



"உனக்கும் சேத்துதான் போட்டேன், வதனி."

அவள் கோடரியை உருவினாள். விழுந்தவளைக் கயிறு தாங்கியது. அவன் நன்றாகத்தான் பிடித்திருந்தான்.