கேக்கின் மேல் நிற்கப்போகிறவள்

"இது மண்ணே இல்ல" என்று நோரா பத்தாவது தடவையாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே அதைப் பிசைந்தாள்.

தண்ணீர் வேண்டாமாம். சூளை வேண்டாமாம். ரொட்டி அடுப்பின் இளஞ்சூட்டில் அரை மணி வைத்தால் கல்லாகிவிடுமாம். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் தங்கை ஜூடித் கப்பலில் அனுப்பிய பிளாஸ்டிக் மண். டப்பாவில் ஆறு நிறம். மண்வாசனை மட்டும் இல்லை. முகர்ந்தால் புது மழைக்கோட்டு போல நாறும்.

போன கிறிஸ்துமஸுக்கு முதல் தடவை. முனிராஜின் பேக்கரி அடுப்பில் சூடு அடங்கும் முன்பே வைத்துவிட்டாள். குடிலுக்குச் செய்த மூன்று ராஜாக்களும் கரிக்கட்டையாக வெளியே வந்தார்கள். அந்த நாற்றத்தில் ஒரு தட்டு பன்னும் வீணாயிற்று.

இனி தொடுவதில்லை என்று டப்பாவைப் பரணில் எறிந்தாள். ஈஸ்டருக்கு இறக்கினாள். அந்தத் தடவை சூடு போதாமல், சிறகு விரித்த சம்மனசு கழுத்தொடிந்து விழுந்தது.

மறுபடி பரண்.

இன்று வேறு வழியில்லை. நாலு நாளாக மழை. ஏரி மண் பொம்மை காய ஒரு வாரமாகும். கல்யாணமோ நாளைக் காலை.

"இன்னாக்கா, மறுபடியும் இந்த சனியனா? ட்ரேயை எண்ணி வெச்சிருக்கேன்" என்றான் முனிராஜ், சூடாறும் அடுப்பின் பக்கத்திலிருந்து.

நீலசந்திரா பேட்டையில் நோராவின் ஜோடிப் பொம்மை இல்லாமல் எந்தக் கல்யாண கேக்கும் வெட்டப்பட்டதில்லை, பாருங்கள். நாளைய கேக் மொட்டையாக நின்றால், இந்தக் கல்யாணம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று கோயில் முழுக்கத் தெரிந்துபோகும்.

தெரியட்டுமே என்றுதான் நேற்றுவரை இருந்தாள். வரமாட்டேன் என்றும் சொல்லியாயிற்று. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மணப்பெண்ணோடு பத்து நாளாகப் பேச்சில்லை. இன்று காலை அவள்தான் காபியைப் பக்கத்தில் வைத்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீ வராட்டி போ. பொம்மைய மட்டும் செஞ்சு குடு."

மாப்பிள்ளையை முதலில் முடித்தாள். பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் ஊதுகிற ஆம்ப்ரோஸ், ஐம்பத்தெட்டு வயது. தொப்பையை உருட்டி ஒட்டினாள். அதன்மேல் இன்னும் கொஞ்சம் ஒட்டினாள். அந்த மண் விரல் சூட்டுக்கு இளகியது. கையை எடுத்ததும் விறைத்துக்கொண்டது. ஆளுக்கு ஏற்ற மண்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பெண்ணுக்கு வெள்ளைக் கவுன், கையில் பூங்கொத்து. தலைமுடிக்குக் கறுப்பைத் திரித்தாள். திரித்ததை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு கொஞ்சம் வெள்ளையைக் கிள்ளிச் சேர்த்து, முழுதும் கலந்துவிடாமல் பாதியில் நிறுத்தினாள். கறுப்புக்குள் வெள்ளை இழை இழையாக ஓடியது. ஏரி மண்ணுக்கு நிறத்தை மேலேதான் பூச முடியும். இந்த ஒன்றை மட்டும் அவளால் குறை சொல்ல முடியவில்லை.

முனிராஜ் எட்டிப் பார்த்தான்.

"கறுப்பாவே உட்டுடேன், அக்கா. பொண்ணு தலையில நரையப் பாத்தா சிரிப்பாங்க."

நோரா தட்டை அவன் கையில் கொடுத்தாள்.

"எவன் சிரிக்கிறான்னு நாளைக்கு அங்க நின்னு பாக்கறேன். எங்கம்மா தலை இப்படித்தான் இருக்கு."