முக்கால் மணி நேரம்

பிணவறை அலுவலகத்தில் மதியத்துக்கு மேல் வேலை குறைவு. அந்த நேரத்தை வீணாக்க மனமில்லாமல், எழுத்தர் தமயந்தி குரூப் டூ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள். அன்று ஒரு பாடத்தை முழுதாக முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, ஜன்னலுக்கு வெளியே ஒருவர் கையில் காகிதத்தோடு வெயிலில் நின்றிருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"எப்ப வந்தீங்க?"

"முக்கா மணி நேரம் இருக்கும்மா."

"கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"படிச்சிட்டிருந்தீங்க. படிக்கிறப்ப கூப்பிட்டா எம் பொண்ணுக்குக் கோவம் வரும். அதான் நின்னுட்டேன்."

தமயந்தி காகிதத்தை வாங்கினாள். பூங்கோதை, வயது பத்தொன்பது. உடலைப் பெற்றுக்கொள்பவர்: தந்தை. தமயந்திக்குக் காதுமடல் சுட்டது. முத்திரை சரியாக விழவில்லை, மறுபடியும் குத்தினாள். எழுந்து நின்று காகிதத்தை நீட்டினாள்.

அவர் காகிதத்தைப் பத்திரமாக மடித்துக்கொண்டார்.

"நீங்க படிங்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அமரர் ஊர்தி கிளம்பிப் போகும்வரை தமயந்தி நின்றுகொண்டே இருந்தாள். அதற்குப் பிறகும் அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை.