இரண்டு வெள்ளைக்கரு

தண்ணீர் கொதித்தது. இரண்டு முட்டைகளையும் கரண்டியில் வைத்து மெல்ல இறக்கினாள்.

கல்யாணமாகி வந்த பதினோரு வருடத்தில் இந்த அடுக்களை அடுப்பில் முட்டை வேவது இதுதான் முதல் தடவை.

அப்பா வந்து நான்கு நாளாகிறது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். உவரியிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் வந்துபோக உடம்பு தாங்கவில்லை. ஒரு மாதம் மகள் வீட்டில் இருக்கட்டும் என்று டாக்டர்தான் சொன்னார். தினமும் இரண்டு வெள்ளைக்கரு. உப்பு குறைவாக. நல்ல படுக்கை.

சைவ வீடு. மாமியார் எதையும் மறுக்கவில்லை. ஏற்பாடு மட்டும் செய்தாள்.

ஓர் அறையில், லீவுக்கு வந்திருந்த நாத்தனாரும் பிள்ளைகளும். மற்றதில் அவளும் கணவனும். அப்பாவுக்குப் பின்கட்டில், வாஷிங்மெஷின் ஓரமாக மடக்குக் கட்டில்.

முட்டைக்கு மொட்டைமாடி. ஒரு கரண்ட் அடுப்பு, ஒரு சட்டி, ஒரு தட்டு. எதுவும் கீழே வரக்கூடாது.

தட்டு கீழே வராததால் அப்பா மேலே ஏறினார்.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னைக்கு வேண்டாம்ளா. ஒரு நாளு திங்காட்டா செத்தா போயிருவேன்?"

அவள் கைத்தாங்கலாக எழுப்பி, தன் அறைக்குக் கூட்டிப்போய், தன் கட்டிலில் உட்காரவைத்தாள். பிறகு நேரே அடுக்களைக்கு வந்தாள்.

முட்டை வெந்த வாசனை ஹால்வரை போயிருக்க வேண்டும். மாமியார் நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"அப்போ நான் சின்னவன் வீட்டுக்குப் போறேன்."

எப்போதும் எல்லாரையும் அடக்கிவிடும் வாக்கியம்.

அவள் அடுப்பை அணைத்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, பரணில் கிடந்த பயணப்பையை இறக்கினாள். தூசியைத் தன் முந்தானையால் துடைத்து, மாமியாரின் காலடியில் வைத்தாள்.

"எத்தனை மணிக்குன்னு சொல்லுங்க அத்தை. ஆட்டோ கூப்பிடுதேன்."

மாமியார் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் முட்டைகளை உரித்தாள். விரல் சுட்டது. பிளந்து, மஞ்சள் கருக்களைத் தனியே எடுத்தாள். அவற்றை என்ன செய்வதென்று ஒரு கணம் யோசித்தாள்.

வாயில் போட்டுக்கொண்டாள்.

மாமியார் பார்க்கப் பார்க்க, மெதுவாக மென்று விழுங்கினாள்.

வெள்ளைக்கருவைச் சாப்பாட்டுத் தட்டில் வைத்து அறைக்கு எடுத்துப்போனாள். எல்லாரும் சாப்பிடும் தட்டு.

அப்பா கட்டிலின் விளிம்பில், கால்களைத் தரையில் ஊன்றியபடியே இருந்தார். மெத்தை கசங்கிவிடாமல்.

"அவுக கோவிச்சுக்கிடுவாகளே."

"சூடு ஆறுததுக்குள்ள தின்னுங்கப்பா."

தின்றார்.

ஹாலில் பையின் ஜிப் இழுபடும் சத்தம். திறக்கிறார்களா, மூடுகிறார்களா, தெரியவில்லை.

அவள் எட்டிப் பார்க்கவில்லை.

குனிந்து, அப்பாவின் வீங்கிய கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மெத்தையின் நடுவில் வைத்தாள்.