ஆறு ஹெல்மெட், ஒரே சோபா

கேம் டிசைன் கல்லூரிகளின் கண்காட்சி நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் பன்னீர் தெளித்து, "நாளைய உலகைப் படைக்க வாரீர்" என்று வரவேற்றார்கள். உள்ளே ஆறு கல்லூரிகள், கல்லூரிக்கொரு ஹெல்மெட். மாட்டிக்கொண்டால், அங்கே படித்து முடித்து ஐந்து வருடம் கழித்து எப்படி இருப்போம் என்று தெரியும்.

அபிஷா முதல் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "என்ன மக்களே தெரிஞ்சுது?" என்று மகளிடம் கேட்டார் அப்பா ராஜசிங்.

"நம்ம வீடுதாம்ப்பா. நான் சோபால சும்மா இருக்கேன். 'எந்தக் கம்பெனிலயாவது கூப்பிட்டாவளா'ன்னு நீங்க கேக்கிய."

"கிராபிக்ஸ் எப்பிடி?"

"சூப்பர். உங்க மூக்குமயிரு வரைக்கும் தெரியுது."

அடுத்தடுத்த கல்லூரிகளிலும் அதே வீடு, அதே சோபா. ஆறாவது கல்லூரியின் கோட்டுக்காரர் மட்டும் பெருமையாக, "எங்ககிட்ட சோபா கவர் புதுசு, கவனிச்சீங்களா?" என்றார்.

ராஜசிங் மகளைத் தனியே அழைத்தார். "வேற படிப்பு ஏதாவது பாப்போமா?"

"மத்த படிப்புக்குக் கண்காட்சி நடக்க மண்டபங்கள்லயும் இதே சோபாதானாம்ப்பா. கூடப் படிச்ச பிள்ளையள் போய்ப் பாத்துட்டுச் சொன்னாளுவ."

"அப்பம் எதுல சேருவ?"

"மூணாவதுல."

"அங்க வேலை கெடச்சுதா?"

"இல்லப்பா. அங்க மட்டும் நீங்க ஒண்ணும் கேக்காம டீ போட்டுக் குடுத்தீய."

ராஜசிங் அந்தக் கல்லூரியின் விண்ணப்பத்தை வாங்கி, பேனாவைத் திறந்தார்.

"சீனி சரியா இருந்துச்சா மக்களே?"